ஆட்டுக்கு அளவெடுத்தவள்

என் மருமகளோடு பேச வேண்டுமென்றால் முதலில் அவள் வாயைப் பார்க்க வேண்டும். உதட்டில் குண்டூசி இருந்தால் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எதையாவது கேட்டால் “ம்ம்”, “ம்ஹும்” என்ற இரண்டே பதில்தான் வரும். அந்த இரண்டிலேயே வீட்டை நடத்தி விடுவாள்.

அவள் தையல்காரி. கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் டேப் ஒன்று தொங்கும். சமைக்கும்போதும் தொங்கும், காய்கறி வாங்கப் போகும்போதும் தொங்கும். வாசலில் யாராவது வந்து நின்றால், வாங்க என்று சொல்வதற்கு முன்னால் ஏற இறங்கப் பார்த்து, “நாப்பது. தோள் கொஞ்சம் இறக்கம்” என்று முணுமுணுப்பாள். நிற்பவர் தபால்காரராக இருப்பார்.

எங்கள் வீட்டில் ஆடு என்பது நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உண்டு. பின்பக்கம் பலகை போட்ட கொட்டகை, அதைச் சுற்றிக் கம்பி வலை, வலையைத் தாண்டினால் பின்வீட்டுச் சலூன்காரரின் கொல்லைச் சுவர். அவர் கடை தெருவைப் பார்த்து, கொல்லை எங்களைப் பார்த்து. அதனால் எங்கள் வீட்டுச் சேதி எதுவாக இருந்தாலும் முடி வெட்ட உட்கார்ந்தவருக்கு முதலில் தெரியும்.

மருமகள் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள். ஆட்டைத் தெருவில் பார்த்ததோடு சரி. வந்த புதிதில் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் முன்னறையிலிருந்து ஒரே அலறல்.

“அத்தை! உங்க ஆடு கஸ்டமர் கையைத் தின்னுடுச்சு!”

ஓடிப்போய்ப் பார்த்தால், தைத்து முடித்துக் கொடியில் போட்டிருந்த ரவிக்கை. அதில் ஒரு கை இல்லை. அந்த வாரம்தான் வாங்கி வந்திருந்த சினை ஆடு, மிச்சத்தை மென்றுகொண்டே அவளை நிதானமாகப் பார்த்தது. “இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அதைத் திட்டுவதற்காகத்தான் மறுநாள் கொட்டகைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தாள். ஆடு அப்போது குட்டி போட்டுக்கொண்டிருந்தது. திட்ட வந்தவள் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். குட்டி வெளியே வந்து விழுந்ததும், “துணி வேணுமா அத்தை?” என்றாள். நான் தலையாட்டுவதற்குள் ஒரு மூட்டை வெட்டுத்துணியோடு வந்துவிட்டாள். பெட்டைக்குட்டி. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. துடைத்து முடித்தபோது மருமகளுக்கு அது ஆடு என்பதே மறந்துபோயிருந்தது. பொட்டு என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாளில் இன்னொரு ஆடு மூன்று குட்டி போட்டது. கடைசிக் கிடாக்குட்டி ஒரு பிடிதான் இருக்கும். மற்ற இரண்டும் இடித்துத் தள்ள, அதற்கு மடி கிடைக்கவில்லை. மருமகள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். தையல் மிஷினுக்குக் கீழே வெட்டுத்துணிப் பெட்டிதான் அதற்குப் படுக்கை. மிதி கட்டை ஏறி இறங்குகிற சத்தம் கேட்டால்தான் தூங்கும். அதற்கு அவள் வைத்த பெயர் தம்பி.

ஒரு நாள் பொட்டு கத்த ஆரம்பித்தது. பிறந்து அரை வருஷம் ஆகியிருந்தால் அதிகம். தீனியைத் தொடவில்லை, வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது, தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தியது. கிடாவுக்குக் கத்துகிறது என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் கிடாவுக்கும் தெரிந்துவிட்டது. அவனைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். தாடி அப்படி. நாற்றமும் அப்படி. கட்டுக்கயிறு அறுந்துவிடும்போல இழுத்தான்.

என் மகன் கரண்டு வேலை பார்ப்பவன். கம்பம் ஏறி இறங்கிக் களைத்து வந்தவன், “அதான் வயசுக்கு வந்துடுச்சே, பெரியவரை அவுத்து விட்டா சத்தம் நின்னுடும். நான் தூங்கணும்” என்றான்.

மருமகள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துப்பஞ்சில் குத்தினாள். அவள் அப்படிச் செய்தால் பெரிய பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம்.

“ஏங்க, கத்த ஆரம்பிச்சா வளர்ந்து முடிச்சாச்சுன்னு அர்த்தமா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அஞ்சாங்கிளாஸ் சட்டையை மாட்டி விட்டா அது அஞ்சாங்கிளாஸ் ஆயிடுமா? அதோட உடம்பே இன்னும் முழுசா ஆகல. அதுக்குள்ள இன்னொரு உடம்பை அது எங்க வச்சுக்கும்?”

“எல்லா வீட்டுலயும் விடறாங்கதானே?”

“எல்லா வீட்டுலயும் நான் தைக்கறதில்லையே.”

பூச்சி மருந்து வாங்கப் போனபோது கால்நடை டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருக்கிறார். வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். தாயின் எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வரட்டும். நல்ல தீனி இருந்தால் அது ஒரு வருஷத்துக்குள்ளும் வரும், இல்லையென்றால் அதற்கு மேலும் ஆகும். அந்த எடை வருவதற்குள் கிடாவிடம் விட்டால் குட்டி வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். தாய் போகலாம், குட்டி போகலாம், இரண்டும் போகலாம். பிழைத்தாலும் தாய் அந்த உயரத்திலேயே நின்றுவிடும், பாலும் காணாது.

எனக்கும் பொட்டை விடுவதில் சம்மதம் இல்லைதான். பின்னாலிருந்து பார்த்தாலே இடுப்பு ஒரு சாண் அகலம்கூட விரியவில்லை என்று தெரிகிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கண் போதும். மருமகளுக்குப் போதவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவு, தாய்க்கும் மகளுக்கும். இழுத்துப் பிடிக்காமல், தொளதொளவென்று விடாமல், விரல் ஒன்று உள்ளே போகிற மாதிரி.

“கை அளவும் எடுத்துக்கோ. ரவிக்கைக்குப் பழி தீர்த்துக்கலாம்” என்றேன்.

“ம்ஹும்.”

அதோடு விட்டாளா? பழைய இரும்புக் கடைக்கு இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினாள். கடைக்காரர், “எந்த ரேட்டும்மா போடணும்? இரும்பா, பித்தளையா?” என்று கேட்டாராம். தாய் முப்பத்தைந்து கிலோ. பொட்டு பதினைந்து. பாதிகூட இல்லை. திரும்பி வந்தவள் தீர்ப்பை என்னிடம் சொன்னாள்.

“இதைத்தான் நான் காலையிலேயே சொன்னேன்” என்றேன்.

“நீங்க கண்ணால சொன்னீங்க அத்தை. நான் கிலோவுல சொல்றேன்.”

“என் கண்ணு கிலோவுலதான் பார்க்குது.”

பெரியவரைத் தனியாக அடைக்க இடமில்லை. வலையை அவன் முன்பே இரண்டு இடத்தில் முட்டிக் கிழித்திருந்தான். மகன் புதிதாக ஒரு தடுப்பு கட்டுவதாகச் சொல்லி, லீவு கிடைக்கட்டும், லீவு கிடைக்கட்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தான். மருமகள் அவனுடைய பழைய ஜீன்ஸ் பேன்ட்டை வெட்டினாள். பெரியவரின் வயிற்றுக்குக் கீழே திரைபோலத் தொங்கும்படி ஒரு துணி, முதுகின் மேலே போய்ப் பூட்டிக்கொள்ள இரண்டு வார், பழைய ஸ்கூல் பையிலிருந்து பிடுங்கிய கொக்கி. ஏறினாலும் காரியம் நடக்காது. முதலில் தைத்தது ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. அடுத்தது கனகச்சிதம்.

சலூன்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“என்ன தங்கச்சி, பெரியவருக்கு ஜட்டியா?”

“ஆமாண்ணே.”

“டிரஸ் ஆயிடுச்சு. அனுப்பி வைங்க, தாடியையும் டிரிம் பண்ணிடறேன். பொண்ணு பார்க்கப் போலாம்.”

“அதுக்குத்தாண்ணே ஜட்டி. போகக் கூடாதுன்னு.”

பெரியவர் இரண்டு நாள் அவமானப்பட்டு மூலையில் நின்றான். பிறகு பழகிவிட்டான். டாக்டரம்மா வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா தினமும் கழட்டித் துவைச்சுக் கட்டுங்க, இல்லேன்னா புண்ணாயிடும். இதை நம்பிக் கதவைத் திறந்து போட்டுடாதீங்க” என்றார். மகனுக்கு ஒருவழியாக லீவு கிடைத்தது, தடுப்பும் வந்தது. பெரியவர் அந்தப் பக்கம், ஜட்டியோடு. பொட்டு இந்தப் பக்கம். பூட்டுக்கு மேல் பூட்டு. மருமகள் அந்த வாரம் பாடிக்கொண்டே தைத்தாள். ராகம் மிஷினுக்கு வந்த அளவுகூட அவளுக்கு வராது.

ஆடு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கத்தும். பொட்டு அடுத்த முறை கத்தியபோது நாங்கள் இருவரும் பதறவே இல்லை. பெரியவர்தான் உள்ளே இருக்கிறாரே. மருமகள் முன்னறையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பொட்டின் முதுகில் தம்பி.

கத்தினேன். டீ என் கையில் கொட்டியது. மருமகள் வாயில் ஊசியோடு ஓடி வந்தாள்.

“ம்ம்?”

“உன் தம்பியைப் போய்ப் பாரு!”

ஊசியைத் துப்பிவிட்டுப் பார்த்தாள். அதற்குள் தம்பி இறங்கி, ஒன்றும் தெரியாதவன்போல அவள் முந்தானையைச் சப்ப வந்துவிட்டான்.

“விளையாடறான் அத்தை. இவன் பால்குடி.”

“பால்குடியா? வாலைத் தூக்கிப் பாரு.”

பார்த்தாள். வால் நனைந்திருந்தது. அப்படியே தீவனத் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மாதம் தாண்டினாலே கிடாக்குட்டியைப் பெட்டைகளிடமிருந்து பிரிக்க வேண்டும். அவனோ நாலு மாதம் தாண்டியவன். அவனோடு பிறந்த மற்றக் கிடாக்குட்டி எப்போதோ வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இவன் மட்டும் இன்னும் காலையும் சாயங்காலமும் புட்டி குடித்துக்கொண்டிருந்தான். அதற்குத் தேவை இல்லை, கொடுப்பவளுக்குத்தான் தேவை. புட்டி வாயில் இருக்கிறவனை யார் கிடா என்று நினைப்பார்கள்? பெரியவருக்கு அளவெடுத்தாள், பொட்டுக்கு அளவெடுத்தாள், அதன் தாய்க்கு அளவெடுத்தாள். ஒருவனுக்கு மட்டும் டேப்பை நீட்டவே இல்லை. அன்றைக்குத்தான் கழுத்திலிருந்து டேப்பை எடுத்து அவன் நெஞ்சைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் சுற்றிப் பார்த்தாள்.

“வளர்ந்துட்டான் அத்தை” என்றாள். அழுதுவிட்டாள்.

நான் திட்டவில்லை. திட்டினால் என் மேல் அழுவாள். டீயும் ஏற்கெனவே என் மேல்தான் இருந்தது.

சேதி கேட்டு டாக்டரம்மா அன்றே வந்தார். “ஏறினது உறுதின்னா விட முடியாது. இந்த உடம்புக்குக் குட்டி தாங்காது. ஒரு ஊசி இருக்கு. ஆனா இன்னைக்குப் போட்டா கேட்காது. ஒரு பத்து நாள் போகட்டும், அப்புறம் போட்டாத்தான் பிடிக்கும்” என்றார்.

சுவருக்கு மேலே தலை வந்தது. “அந்த ஊசி போட்டா ஆடு அப்புறம் மலடாயிடும்னு சொல்றாங்களே?”

“யார் சொல்றாங்க?”

“கடைக்கு வர்றவங்க.”

“முடி வெட்டிக்க வர்றவங்களா, வைத்தியம் படிச்சவங்களா?” என்று டாக்டரம்மா சிரித்தார். பிறகு மருமகளைப் பார்த்துச் சொன்னார். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. ஊசி வேலை செஞ்சுதுன்னா ரெண்டு மூணு நாள்ல திரும்பக் கத்தும். அதுதான் அடையாளம். கத்தும்போது மறுபடி ஏற விட்டுடாதீங்க, திரும்ப முதல்லேருந்து ஆயிடும்.”

அந்தப் பத்து நாளும் மருமகள் மருமகளாக இல்லை. தம்பியைப் பெரியவர் பக்கம் போட்டாயிற்று. புட்டியைக் கழுவிப் பரணில் வைத்தாயிற்று. அவன் தடுப்பில் மூக்கை வைத்துக் கத்துவான். இவள் மிஷினை வேகமாக மிதிப்பாள். ஒரு டீச்சரம்மாவின் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். டீச்சரம்மா போட்டுப் பார்த்துவிட்டு, “எனக்கு வலது கை உண்டும்மா” என்றார். சாப்பாட்டில் கை வைப்பாள், எழுந்து போய்ப் பொட்டின் வயிற்றைத் தடவிவிட்டு வருவாள். என்ன தெரியும் அதற்குள்? ஒன்றும் தெரியாது. இருந்தும் தடவுவாள்.

“என் கையால பொறந்தது அத்தை. என் முட்டாள்தனத்தாலயே போயிடுமோ?”

“போகாது. சாப்பிடு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“கண்ணால பார்த்துத்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கவளம் உள்ளே போனது. எனக்கு அது போதும்.

ஊசி போடும் நாளில் டாக்டரம்மா மருந்தை எடுத்துக்கொண்டே, “யாராவது முழுகாம இருந்தா தள்ளி நில்லுங்க, இந்த மருந்து கையில பட்டாலே ஆகாது” என்றார். எல்லார் கண்ணும் மருமகள் பக்கம் போனது. அவள், “இல்லைங்க” என்றாள். சுவருக்கு மேலே, “எப்பதான் தங்கச்சி நல்ல சேதி?” என்று ஒரு குரல்.

“உன் கத்திரி உன் கடைக்குள்ள இருக்கட்டும்” என்றேன். “அதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவகிட்ட டேப் இருக்கு.”

தலை இறங்கிவிட்டது. மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொட்டை நான் பிடித்துக்கொண்டேன், ஊசி போட்டார்கள்.

அடுத்த நாள் சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் பொட்டு சமர்த்தாகப் படுத்து அசை போட்டது. முன்பெல்லாம் அது வாயை மூடினால் தெருவே நிம்மதியாக மூச்சு விடும். இப்போது அது வாயைத் திறக்க வேண்டுமென்று காத்துக் கிடந்தோம். மகன் வேலையிலிருந்து போன் போட்டுக் கேட்டான், “கத்துச்சா?” என்று. சலூன்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார், “கத்துச்சா?” என்று. கடையில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர்கூடக் கேட்டாராம்.

அதற்கும் மறுநாள் பகலில் மருமகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கத்திலிருந்து கிளம்பியது பார் ஒரு சத்தம். தொண்டை கிழிகிற சத்தம். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாளோ இல்லையோ, ஓடினாள். நானும் ஓடினேன், என் முட்டி வலியையும் தூக்கிக்கொண்டு. பொட்டு வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டு நின்றது. மருமகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“கத்துடி, நல்லாக் கத்து! தெரு முழுக்கக் கேட்கட்டும்!”

சலூன் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது.

ஆனால் கொஞ்சலோடு அவள் நிற்கவில்லை. உடனே எழுந்து தடுப்பின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பெரியவரின் வாரை இறுக்கினாள். தம்பியைக் கயிறு போட்டு முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போய் மிஷின் காலில் கட்டினாள். சத்தம் அடங்கும்வரை அவன் அங்கேதான் இருந்தான். வெட்டுத்துணிப் பெட்டியில் ஏறிப் படுக்கப் பார்த்தான், பெட்டி உடைந்தது.

பிறகு டாக்டரம்மாவே அவனுக்கு விதை அடித்துவிட்டார். அதற்கப்புறமும் சில வாரம் தள்ளியே வைக்கச் சொன்னார், வைத்தோம். இப்போது அவன் பெட்டைகளோடுதான் மேய்கிறான், யாருக்கும் தொந்தரவில்லை. புட்டியை மட்டும் மறக்கவில்லை. பரணில் எது உருண்டாலும் நிமிர்ந்து பார்ப்பான்.

பொட்டை அவசரப்படுத்தாமல் வளர்த்தோம். மருமகள் மாதா மாதம் டேப்பைச் சுற்றுவாள். நான் மாதா மாதம் எதிரே நின்று, “இன்னும் ஆகல” என்பேன். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆகல” என்பாள். ஒரு வருஷம் தாண்டி ஒரு காலையில் நான், “ஆயிடுச்சு. இடுப்பு விரிஞ்சிடுச்சு, பாரு” என்றேன். அவள் இரும்புக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள். இருபத்தாறு கிலோ.

“டேப்பும் தராசும் சரின்னு சொல்லுது அத்தை.”

“என் கண்ணைப் பார்த்து அதுங்களும் கத்துக்கிட்டிருக்கும்.”

பெரியவரின் ஜட்டியை அவிழ்த்தபோது சலூன்காரர் கடையைக் கொஞ்ச நேரம் மூடிவிட்டு வந்தார், வாழ்த்துச் சொல்ல. தன் உடம்பில் ஜட்டி இல்லை என்பதையே பெரியவரால் கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பொட்டு குட்டி போட்டது. சிக்கவில்லை, சிரமப்படவில்லை. இரண்டு முக்கு முக்கியது, குட்டி வந்துவிட்டது. மருமகள் வெட்டுத்துணி மூட்டையோடு காத்திருந்தாள். துடைத்தாள், மூக்கைச் சுத்தம் செய்தாள், தாயிடம் நகர்த்தி விட்டாள். பொட்டு நக்க ஆரம்பித்ததும் மடியைத் தொட்டுப் பார்த்தாள். பால் கனத்து நின்றது.

“என்ன குட்டி?” என்றேன். என் இடத்திலிருந்து தெரியவில்லை. என் கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை, அங்கே வெளிச்சம் போதாது.

வாயில் ஊசி இருந்தது. எடுத்தாள்.

“கிடா அத்தை.”

சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். இன்னும் ஈரம் காயாத அந்தப் பிடியளவு நெஞ்சைச் சுற்றி, விரல் ஒன்று உள்ளே போகிற மாதிரி விட்டு, எண்ணைப் பார்த்தாள். குட்டி அவள் கட்டை விரலைச் சப்ப ஆரம்பித்தது.

“இந்தக் கொஞ்சலெல்லாம் மூணு மாசம்தான்டா” என்றாள் அதனிடம்.